கண்ணாடிக்குள் வரைந்த ஒளிவழி வேலை செய்யவில்லையா? அறிகுறியைப் பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

பவர் குமிழில் கை வைக்கும் முன் இந்தக் குறிப்பைப் பாருங்கள். லேசரால் கண்ணாடிக்குள் ஒளிவழி (ஒளியை ஃபைபர் போலப் பிடித்து நடத்தும் மெல்லிய பாதை) வரையப் பழகுகிறவர்கள், எந்தக் கோளாறு வந்தாலும் முதலில் செய்வது பவரைக் கூட்டுவதுதான். எங்கள் பட்டறையில் கெட்டுப்போன துண்டுகளை ஒரு பிஸ்கட் டின்னில் சேர்த்து வைத்திருக்கிறேன். அவற்றில் பெரும்பாலானவை பவர் போதாமல் கெட்டவை அல்ல, கூட்டிக் கெட்டவை.

பட்டறை இருப்பது மலேசியாவின் கெடா மாநிலத்தில், பாடாங் செராய் பக்கம். ஒருபுறம் செம்பனை, மறுபுறம் மிச்சமிருக்கும் ரப்பர். கொஞ்ச தூரத்தில் 1996-இல் திறக்கப்பட்ட கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்கா. அதே 1996-இல்தான் ஜப்பானில் டேவிஸ், மியூரா, சுகிமோட்டோ, ஹிராவோ என்ற நால்வர், ஃபெம்டோ நொடி (நொடியின் மிக மிகச் சிறு பங்கு) அளவே நீளும் லேசர் துடிப்புகளைக் குவித்துக் கண்ணாடிக்குள் ஒளிவழி எழுதலாம் என்று காட்டினார்கள். அந்த வருடம் என் அப்பா இந்த ஊர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தார். உளி ஆழமாக இறங்கினால் அன்றைக்குப் பால் கூடும். ஆனால் பட்டைக்கு அடியில் இருக்கும் வளர்திசு காயப்பட்டு, மறுபட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். பிறகு அந்த இடத்தில் கோடு இழுக்க முடியாது. மேலாக வெட்டினால் பால் வராது. வளர்திசுவுக்கு மேல் ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் பட்டையை விட்டு நிறுத்துவதுதான் கைப்பழக்கம். கண்ணாடியிலும் நமக்குக் கிடைப்பது அதே போன்ற ஒடுக்கமான இடைவெளிதான்.

ஏன் ஒடுக்கம் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், பிறகு வரும் எல்லாவற்றுக்கும் இதுவே அடிப்படை. 1030 நானோமீட்டர் ஒளியின் ஒரு ஃபோட்டானுக்கு 1.2 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல். ஃப்யூஸ்டு சிலிக்கா என்ற தூய சிலிக்காக் கண்ணாடியின் ஆற்றல் இடைவெளி, அதாவது அதன் எலக்ட்ரானை விடுவிக்க வேண்டிய ஆற்றல், ஏறக்குறைய 9. ஆகவே சாதாரண வெளிச்சத்தில் கண்ணாடி அதை விழுங்காது. துடிப்பைச் சில நூறு ஃபெம்டோ நொடிக்குள் நெருக்கி, ஓரிரு மைக்ரோமீட்டர் புள்ளியில் குவித்தால் மட்டுமே எட்டு ஃபோட்டான்கள் ஒன்றாகச் சேர்ந்து விழுங்கப்படும். அதனால்தான் மேற்பரப்பைத் தொடாமல் உள்ளே மட்டும் கண்ணாடி மாறுகிறது. பல ஃபோட்டான் சேர வேண்டியிருப்பதால், பவர் சிறிது கூடினாலும் விளைவு பல மடங்கு மாறும். ஃப்யூஸ்டு சிலிக்காவில் முதலில் வருவது வழுவழுப்பான, ஒளிவிலகல் எண் கூடிய கோடு. அதற்கு மேலே போனால் நானோ வரிகள், அதாவது ஒளியைச் சிதறடிக்கும் மிக நுண்ணிய வரிவரியான அமைப்பு. இன்னும் மேலே போனால் வெற்றுக் குழி. நமக்கு வேண்டியது முதல் நிலை. அதில் எண் கூடுவது ஆயிரத்தில் சில பங்குதான், ஆனால் ஒளியைப் பிடித்து நடத்த அது போதும்.

இந்தக் குறிப்பில் வரும் அளவுகள் எங்கள் அமைப்பைச் சார்ந்தவை: 1030 நானோமீட்டர் ஃபைபர் லேசர், ஏறக்குறைய 300 ஃபெம்டோ நொடித் துடிப்பு, 1 மெகாஹெர்ட்ஸ் (நொடிக்குப் பத்து லட்சம் துடிப்பு), எண்ணியல் துளை (லென்ஸ் எவ்வளவு அகலமான கூம்பாக ஒளியைக் குவிக்கிறது என்பதன் அளவு) 0.5 உள்ள லென்ஸ், 1.1 மில்லிமீட்டர் தடிமனுள்ள அலுமினோ போரோசிலிகேட் தகடு (கார்னிங் ஈகிள் வகை). உங்கள் லேசர் கிலோஹெர்ட்ஸ் வகை என்றால் எண்கள் வேறாகும். சோதிக்கும் முறை மாறாது.

கண்ணுக்கு லேசர் பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் எதையும் தொடாதீர்கள். இந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது. 300 மில்லிவாட் உள்ளே போனால், கண்ணாடி மேற்பரப்பிலிருந்து திரும்புகிற 4 விழுக்காடே 12 மில்லிவாட். விழித்திரைக்கு அது மிக அதிகம். கடிகாரம், மோதிரம், வளையல் எல்லாவற்றையும் கழற்றி வெளியில் வையுங்கள்.

அறிகுறி: கோடே விழவில்லை

முதல் சந்தேகம் குவியம் இருக்கும் இடத்தின்மேல்தான் வர வேண்டும். லென்ஸை 100 மைக்ரோமீட்டர் இறக்கினால், கண்ணாடிக்குள் குவியம் ஏறக்குறைய 150 மைக்ரோமீட்டர் இறங்கும், ஏனென்றால் கண்ணாடியின் ஒளிவிலகல் எண் 1.5. இதை மறந்து 750 மைக்ரோமீட்டர் இறக்கினால் குவியம் 1.1 மில்லிமீட்டர் தகட்டைத் தாண்டி அடியில் வெளியே போய்விடும். பவரை மிகக் குறைத்து, மேற்பரப்பிலிருந்து திரும்பும் ஒளியைக் கேமராவில் பாருங்கள். புள்ளி மிகச் சிறியதாகும் உயரத்தைச் சுழியமாகக் குறித்து, அங்கிருந்து கணக்குப் போடுங்கள். தகட்டின் நான்கு மூலையிலும் இதைச் செய்தால் தகடு சாய்ந்திருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும். கோடு பாதி தூரம் வந்து மறைகிறது என்றால் பெரும்பாலும் சாய்வுதான்.

இரண்டாவது, பவரை எங்கே அளந்தீர்கள்? லேசர் வாயிலில் அளந்த எண்ணுக்குப் பொருள் இல்லை. கண்ணுக்குத் தெரியும் ஒளிக்காகப் பூச்சிட்ட ஆப்ஜெக்டிவ் லென்ஸ் 1030-இல் நிறைய விழுங்கும். லென்ஸுக்குப் பின்னால் அளந்து, மெகாஹெர்ட்ஸால் வகுத்துப் பாருங்கள்: 300 மில்லிவாட், 1 மெகாஹெர்ட்ஸ் என்றால் ஒரு துடிப்புக்கு 300 நானோஜூல். இந்தக் கண்ணாடியில் நாங்கள் 200-இல் தொடங்கி 350 வரை படிப்படியாக ஏறுவோம்.

இடமும் பவரும் சரி, ஆனாலும் கோடு இல்லை என்றால் துடிப்பு நீண்டிருக்கும். சராசரிப் பவர் அப்படியே காட்டும், உச்சப் பவர் விழுந்திருக்கும். குவியத்தில் வரும் சிறு வெண்ணீலப் பொறி மங்கிப்போயிருப்பதே அதற்கு அடையாளம். துடிப்பைச் சுருக்கும் அமைப்பைச் சரிசெய்து, பொறி அதிகப் பிரகாசமாகும் இடத்தில் நிறுத்துங்கள்.

அறிகுறி: கோடு தெரிகிறது, ஒளி போகவில்லை

இதில்தான் ஆள்கள் நாள்கணக்கில் தவிக்கிறார்கள். மைக்ரோஸ்கோப்பில் அழகான கோடு. முனையில் ஃபைபரை வைத்தால் மறுமுனையில் ஒன்றுமே இல்லை. இங்கே நாலைந்து காரணங்கள் ஒன்றுக்கொன்று முகமூடி போட்டுக்கொண்டு நிற்கும். நான் பார்க்கும் வரிசையில் சொல்கிறேன்.

முனைகளைப் பாருங்கள். தகட்டின் விளிம்புக்கு அருகில் வரும்போது குவியும் ஒளிக்கூம்பின் ஒரு பாதி கண்ணாடிக்குள்ளும் மறுபாதி காற்றிலும் போகிறது. அதனால் கடைசி நூறு மைக்ரோமீட்டர் அளவுக்குக் கோடு விழுவதே இல்லை. உள்ளே முழுக்கோடு இருந்தும் வாசல் அடைத்திருக்கும். வரைந்து முடித்த பின் இரண்டு முனையிலும் 150 முதல் 200 மைக்ரோமீட்டர் தேய்த்துப் பாலிஷ் போட வேண்டும். அதைச் செய்யாமல் வேறு எதையும் சோதிப்பதில் பயன் இல்லை.

முனை சரி என்றால் சிவப்பு ஒளியை விடுங்கள். 635 நானோமீட்டர் லேசர் டயோடு விலை குறைவு, ஒளி கண்ணுக்கும் தெரியும். சிவப்பு போகிறது, ஃபைபரில் வழக்கமாக அனுப்பும் 1550 நானோமீட்டர் ஒளி போகவில்லை என்றால் உங்கள் ஒளிவழி பலவீனமானது, ஆனால் உயிரோடு இருக்கிறது. அலைநீளம் கூடக் கூட, பிடித்து வைக்க அதிக அகலமோ அதிக ஒளிவிலகல் எண் மாற்றமோ வேண்டும். அப்போது வேகத்தைக் குறைத்தோ, ஒரே தடத்தில் ஐந்தாறு முறை எழுதியோ பாருங்கள். பவரைக் கூட்டுவது அதற்குப் பிறகு.

சிவப்பும் போகவில்லை என்றால், மறுமுனையின் வெளிச்சப் படத்தைக் கூர்ந்து கவனியுங்கள். கோடு இருக்கும் இடம் இருட்டாக, அதன் இருபுறமும் மங்கலாக வெளிச்சம் தெரிகிறதா? அப்படியானால் ஒளிவிலகல் எண் கூடவில்லை, குறைந்திருக்கிறது. எல்லாக் கண்ணாடியும் ஒரே மாதிரி மாறுவதில்லை. பாஸ்பேட் கண்ணாடிகள் பலவற்றில் குவியத்தின் நடுவில் எண் குறையும், பக்கங்களில் அழுத்தத்தால் கூடும். அதற்கேற்ப இரண்டு கோடுகளை அருகருகே வரைந்து நடுவில் ஒளியை நடத்துகிறவர்களும் இருக்கிறார்கள். உங்களிடம் இருப்பது அந்த வகை என்றால் அந்த வழிக்குப் போங்கள்.

இனி, என்னை மூன்று நாள் அலைக்கழித்த காரணம். ஒரு பெட்டியில் ஃப்யூஸ்டு சிலிக்காவும் அலுமினோ போரோசிலிகேட்டும் கலந்துவிட்டன. இரண்டும் வெள்ளைத் தண்ணீர் மாதிரி, கண்ணால் பிரிக்க முடியாது. எங்களோடு வேலை செய்யும் தம்பி ஒவ்வொரு தகட்டிலும் அதே முறைப்படி எழுதினார். சிலவற்றில் அருமையான ஒளிவழி, சிலவற்றில் ஒன்றும் இல்லை. "அண்ணே, பவரக் கூட்டட்டுமா?" என்றார். "கொஞ்சம் பொறுப்பா, மொதல்ல கண்ணாடி எதுன்னு பாப்போம்" என்றேன். நகைக்கடைத் தராசு மாதிரியான, 0.01 கிராம் வரை காட்டும் தராசை எடுத்தோம். ஃப்யூஸ்டு சிலிக்காவின் அடர்த்தி 2.20, ஈகிள் 2.38, பிகே7 என்ற போரோசிலிகேட் கிரவுன் 2.51. பக்கம் 25 மில்லிமீட்டர், தடிமன் 1 மில்லிமீட்டர் என்றால் எடை முறையே 1.38, 1.49, 1.57 கிராம். தடிமனை மைக்ரோமீட்டர் கருவியால் அளந்து கணக்கைச் சரிசெய்தால் சந்தேகம் மிஞ்சாது. அரை மணி நேரத்தில் பெட்டி முழுதும் பிரிந்தது.

கண்ணாடி மாறினால் முறை ஏன் மாற வேண்டும்? மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஒரு துடிப்பின் வெப்பம் ஆறுவதற்குள் அடுத்தது வந்துவிடும். அலுமினோ போரோசிலிகேட்டில் இந்த வெப்பம் சேர்ந்து, குவியத்தைச் சுற்றிக் கண்ணாடி உருகி உறைகிறது, வட்டமான ஒளிவழி கிடைக்கிறது. ஃப்யூஸ்டு சிலிக்கா இளகுவதற்கு மிக அதிக வெப்பம் வேண்டும், அதன் ஆற்றல் இடைவெளியும் பெரிது. 1030-இல் அதே முறை அங்கே பலிக்காது. அதிர்வெண்ணை இரட்டித்து 515 நானோமீட்டர் பச்சை ஒளியாக்கினால் எட்டு ஃபோட்டானுக்குப் பதில் நாலு போதும், அப்போது சிலிக்காவும் வசப்படும்.

அறிகுறி: கோடு முத்து முத்தாக அறுந்து வருகிறது

எனக்கு மிகவும் பிடித்த அறிகுறி இது. கண்ணாடி தன் நோயைத் தானே எழுதிக் காட்டுகிறது. முத்துகளுக்கு இடையிலான தூரத்தை மைக்ரோஸ்கோப்பில் அளந்து, வரைந்த வேகத்தை அதனால் வகுத்தால் அதிர்வெண் வந்துவிடும். நொடிக்கு 20 மில்லிமீட்டர் வேகத்தில் 0.4 மில்லிமீட்டருக்கு ஒரு முத்து என்றால் நொடிக்கு 50. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். லேசரையோ, தகட்டை நகர்த்தும் மேடையான ஸ்டேஜின் கட்டுப்பாட்டையோ மின் இரைச்சல் பிடித்திருக்கிறது, நிலக்கம்பியையும் கேபிள் ஓடும் வழியையும் பாருங்கள்.

எங்களுக்கு ஒருமுறை 0.83 மில்லிமீட்டர் வந்தது. வகுத்தால் 24. மின்சாரமும் இல்லை, லேசரும் இல்லை. யோசித்துப் பார்த்தால், நான்கு துருவ மோட்டார் நிமிடத்துக்கு ஏறக்குறைய 1,450 சுற்று சுற்றும், அதாவது நொடிக்கு 24. சுவரில் பூட்டியிருந்த காற்றாடி அதே உத்தரத்தின் வழியே மேசையை ஆட்டிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தி ஒரு கோடு, ஓடவிட்டு ஒரு கோடு வரைந்தோம். பக்கத்தில் பக்கமாக வைத்துப் பார்த்தபோது இன்னொரு விளக்கம் தேவைப்படவில்லை.

ஆனால் வகுப்பதற்கு முன் ஒரு சோதனை அவசியம். வேகத்தைப் பாதியாக்கி இன்னொரு கோடு போடுங்கள். முத்துகளின் இடைவெளியும் பாதியானால் நோய் நேரத்தைச் சார்ந்தது: அதிர்வு, மின்சாரம், லேசர். இடைவெளி மாறாமல் நின்றால் இடத்தைச் சார்ந்தது: ஸ்டேஜின் திருகு அச்சு. அதன் புரி இடைவெளியோடு ஒப்பிட்டால் பொருந்திவிடும். அடுத்தடுத்த கோடுகளில் கருந்திட்டுகள் ஒரே நேரில் வரிசையாக நின்றால் கண்ணாடியின் மேல் தூசி அல்லது விரல் எண்ணெய் இருக்கிறது, துடைத்துவிடுங்கள். எந்த ஒழுங்கும் இல்லாமல் எப்போதாவது ஒரு குதி மட்டும் தெரிந்தால் நேரத்தைக் குறித்து வையுங்கள். எங்கள் பட்டறை வாசல் வழியாகச் செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள் மில்லுக்குப் போகும். குதிகள் அந்த நேரங்களோடு ஒத்துப்போயின. காற்றில் மிதக்கும் மேசையின் ஒரு காலில் காற்று இறங்கியிருந்தது.

அறிகுறி: மறுமுனையில் வட்டத்துக்குப் பதில் நீள்வட்டம்

குவியப் புள்ளி இயல்பாகவே ஒளி போகும் திசையில் நீண்டது. கண்ணாடியின் ஒளிவிலகல் எண்ணை எண்ணியல் துளையால் வகுத்தால் தோராயமான நீட்சி கிடைக்கும்: 1.5-ஐ 0.5-ஆல் வகுத்தால் மூன்று மடங்கு. வெப்பம் சேரும் கண்ணாடியில் உருகுதல் இதை ஓரளவு வட்டமாக்கிவிடும். கிலோஹெர்ட்ஸ் லேசரில் அந்த உதவி இல்லை. லென்ஸுக்கு முன் கோட்டுக்கு இணையாக ஒரு பிளவைப் பொருத்துவது எளிய தீர்வு. அல்லது அரை மைக்ரோமீட்டருக்கும் குறைவாக நகர்த்தி நகர்த்திப் பல கோடுகளை ஒட்டி வரைந்து, சதுரமாகக் கட்டலாம்.

200 மைக்ரோமீட்டர் ஆழத்தில் வட்டமாக இருந்தது 600-இல் வாலோடு நீளுகிறது என்றால் காரணம் வேறு. ஆழம் கூடும்போது கோளப் பிறழ்ச்சி, அதாவது ஓரக் கதிர்களும் நடுக் கதிர்களும் ஒரே இடத்தில் குவியாத குறை, கூடுகிறது. லென்ஸில் திருத்த வளையம் இருந்தால் ஆழத்துக்கேற்பத் திருப்புங்கள், இல்லையென்றால் மேலாக வரையுங்கள்.

அறிகுறி: ஒளி போகிறது, இழப்பு அதிகம்

எங்கே இழக்கிறீர்கள் என்று பிரித்துப் பார்க்காமல் எதையும் மாற்றாதீர்கள். ஒரே முறையில் 2 சென்டிமீட்டரிலும் 4 சென்டிமீட்டரிலும் ஒளிவழி வரையுங்கள். முதலாவதில் 1.4 டெசிபல், இரண்டாவதில் 2.0 என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 0.6, தூரம் 2 சென்டிமீட்டர், ஆகவே சென்டிமீட்டருக்கு 0.3. மீதி 0.8 இரண்டு வாசல்களில் போனது.

வாசலில் போவதைக் குறைப்பது எளிது. காற்றும் கண்ணாடியும் சேரும் ஒவ்வொரு பரப்பிலும் 4 விழுக்காடு திரும்பும். கண்ணாடியின் ஒளிவிலகல் எண்ணுக்கேற்ற ஜெல் ஒரு சொட்டு விட்டால் அது மறையும். மிஞ்சுவது அளவுப் பொருத்தம்: சாதாரண ஒற்றைப் பாதை ஃபைபரில் 1550-இல் ஒளி 10.4 மைக்ரோமீட்டர் அகலத்தில் போகும். உங்கள் ஒளிவழியின் புள்ளி அதைவிட மிகச் சிறிதாகவோ பெரிதாகவோ இருந்தால் ஒளி சிந்தும்.

வழியில் போவதுதான் கடினம். வளைவு இருந்தால், வளைவு இல்லாத நேர்க்கோட்டை அருகிலேயே வரைந்து ஒப்பிடுங்கள். ஆரம் 30 மில்லிமீட்டரில் சிந்துவது 60-இல் நிற்கலாம். ஃப்யூஸ்டு சிலிக்கா என்றால் குறுக்காக வைத்த இரண்டு போலராய்டு தாள்களுக்கு இடையே தகட்டை வைத்துச் சுழற்றிப் பாருங்கள். கோடு பளிச்சென்று ஒளிர்ந்தால் நானோ வரிகள் வந்துவிட்டன, சிதறல் அதனால்தான். இங்கே தேவை பவரைக் குறைப்பது.

ஈகிள் கண்ணாடிக்குச் சூளை பெரிய உதவி. அதன் தளர்வு வெப்பநிலை 722 பாகை செல்சியஸ். 750 வரை ஏற்றி, பிறகு மணிக்குப் பத்துப் பன்னிரண்டு பாகை வீதம் மெதுவாக இறக்கினால், எழுதும்போது உண்டான அழுத்தம் கரைந்து, நடுவில் உள்ள நல்ல ஒளிவழி தங்குகிறது. இதற்குத் தொடக்கத்தில் வேண்டியதைவிடச் சற்றுப் பெரிய கோடு எழுத வேண்டும். சூளைக்குப் போகுமுன் அளந்து, வந்த பின்னும் அளந்து குறித்து வையுங்கள்.

அறிகுறி: போகும்போது நல்ல கோடு, வரும்போது கெட்ட கோடு

ஸ்டேஜ் இடமிருந்து வலம் எழுதியது ஒரு மாதிரி, திரும்பி எழுதியது வேறு மாதிரி. இது ஸ்டேஜின் குற்றம் இல்லை. துடிப்பின் முகப்பு சாய்ந்திருந்தால், அதாவது ஒளிக்கற்றையின் ஒரு பக்கம் மறுபக்கத்தைவிட முந்தி வந்தால், எழுதும் திசையைப் பொறுத்துக் கண்ணாடி வேறுவேறாக மாறும். கசான்ஸ்கி என்ற ஆய்வாளரின் குழுவினர் 2007-இல் இதை இறகுப்பேனாவோடு ஒப்பிட்டார்கள். துடிப்பைச் சுருக்கும் அமைப்பைச் சரிசெய்வது முழுத் தீர்வு. அதுவரை எல்லாக் கோடுகளையும் ஒரே திசையில் எழுதுங்கள், நேரம் இரட்டிப்பானாலும் பரவாயில்லை.

அறிகுறி: காலையில் நன்றாக இருந்தது, மாலையில் கெட்டது

இது நம் ஊருக்கே உரிய கோளாறு. 27 பாகை வெப்பமும் 80 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள காற்றில் 23 பாகைக்குக் கீழே குளிர்ந்த எதன்மேலும் பனி கோக்கும். லேசரின் குளிர்நீர் 20 பாகையில் ஓடுகிறது, குளிர்சாதனம் நின்றுவிட்டது அல்லது யாரோ கதவைத் திறந்துவைத்துவிட்டார்கள் என்றால், லேசரின் குளிர்ந்த பாகங்களிலும் அவற்றை ஒட்டிய ஆடிகளிலும் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ஈரம் படியும். ஒளிக்கற்றை முதலில் சிறிது அலைபாயும், பிறகு பவர் சரியும். அறையை 24 பாகை, 55 விழுக்காட்டில் வைத்தால் பனிப்புள்ளி 14-க்கு இறங்கிவிடும், 20 பாகைக் குளிர்நீர் ஆபத்தில்லை. அறைக்கு வெளியே ஓடும் குழாய்களுக்கு உறை போடுங்கள்.

குளிர்சாதனம் விட்டுவிட்டு ஓடுவதால் சில நிமிடங்களுக்கு ஒருமுறை கோடு ஓரிரு மைக்ரோமீட்டர் இடம் மாறுவதும் உண்டு. நீண்ட கோடுகளில் மட்டும் தெரியும். காற்று மேசைமேல் நேராக விழாமல் தடுப்பு வைத்தாலே பாதி சரியாகும்.

மாலை இடி மழைக்கு நாங்கள் தனி ஒழுங்கு வைத்திருக்கிறோம். ஒருமுறை சூளை 700 பாகையில் இருந்தபோது மின்சாரம் ஒரு கணம் சரிந்து, கட்டுப்பாட்டுக் கருவி அணைந்து, திரும்ப வரவே இல்லை. இரவு முழுதும் மெதுவாக இறங்க வேண்டிய தகடுகள் விரைவாக ஆறிப்போயின. ஆறு வார வேலை. அன்றிலிருந்து சூளைக்கும் லேசர் கட்டுப்பாட்டுக்கும் தனித்தனி மின்கலக் காப்பு. மேற்கே கருக்கும்போது புதுத் தகட்டில் கோடு தொடங்குவதில்லை. மழை விட்ட பின் ஒரு மணி நேரம் அறையை நிலைக்க விட்டு, பழைய தகட்டின் ஓரத்தில் ஒரு சோதனைக் கோடு இழுக்கிறோம். மைக்ரோஸ்கோப்பில் பார்க்கிறோம். காலையில் இழுத்த கோட்டோடு அது ஒத்திருந்தால் மட்டுமே புதுத் தகட்டைப் பிரிக்கிறோம்.